பழைய கம்பஸ் மைதானத்தத் திருத்திப் பெருப்பிக்கேக்க எதில தொடங்கோணும்?

பவிலியன முதல் கட்டுறதா ஓடுற ட்ராக்க முதல் போடுறதா எண்டு கேட்டிருக்கிறீங்கள், என்னைக் கேட்டா ரெண்டுக்கும் முதல் தண்ணி வடியிற வழியப் பாருங்கோ. திருகோணமலையில ஐப்பசியில இருந்து தை மட்டும் மாரி, வாய்க்கால் சரியில்லாட்டி எவ்வளவு காசு கொட்டிப் போட்ட சிந்தெடிக் (செயற்கை றப்பர்) ட்ராக்கும் அடியில ஊறிக் கிளம்பிடும், பிறகு திருத்துறது புதுசாப் போடுற மாதிரித்தான்.

இடத்தையும் அளந்து பாருங்கோ. 400 மீட்டர் ட்ராக்கில 8 லேன், ஒவ்வொண்டும் 1.22 மீட்டர் எண்டா வெளிவிளிம்பு மட்டும் கிட்டத்தட்ட 177க்கு 93 மீட்டர், வேலியும் சனம் இருக்கிற படியும் அதுக்கு வெளியாலதான். இடம் காணாட்டி 6 லேனோட நிப்பாட்டுங்கோ, அதில ஒரு குறையும் இல்ல.

பழைய பவிலியன் விசயத்தில கவனம். நிலாவெளி மாதிரிக் கடற்கரைப் பக்கமெண்டா உப்புக்காத்து, கொங்கிறீட்டுக்குள்ள கம்பி கறள் பிடிச்சுப் பெருத்தா சிமெந்து வெடிச்சு விழும், அதுக்கு மேல பூசிப் பெயிண்ட் அடிக்கிறது சரியான ஆபத்து, இஞ்சினியர வச்சுச் சோதிச்சுப்போட்டு மேல் தட்டக் கட்டுங்கோ. புதுக் கூரைக்குக் கல்வனைஸ் பண்ணின, அதாவது துத்தநாகம் பூசின இரும்பே போடுங்கோ.

பெண்பிள்ளையளுக்கு உடுப்பு மாத்துற ரூமும் டொய்லட்டும் முதல் பிளான்லயே இருக்கோணும், காசு மிஞ்சினாப் பாப்பம் எண்டு விட்டா அது வரவே வராது.