நர்ஸம்மா பதில்கள்: “தூங்கும்போதே கிளம்பிவிடுகிறார்”

(31 வருடம் மண்டபம் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர், பிள்ளை வளர்ப்பு பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எங்களுக்கு ராமேஸ்வரம். வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். மகனுக்கு மூன்றரை வயது. மீன்பிடித் தடைக்காலம் முழுக்க அப்பாவும் மகனும் ஒட்டிக்கொண்டே கிடந்தார்கள். படகு போக ஆரம்பித்ததும் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அதனால் அவன் தூங்கும்போதே இவர் நைசாகக் கிளம்பிவிடுகிறார். இப்போது ராத்திரியில் பிள்ளை தூங்குவதே இல்லை. மூன்று தடவை எழுந்து அப்பா மீசையைத் தடவிப் பார்க்கிறான். பகலில் அவர் கொல்லைப்பக்கம் போனால்கூடக் கத்துகிறான். ஏதோ பார்த்துப் பயந்திருக்கிறான், மந்திரிக்க வேண்டும் என்கிறார் மாமியார்.

பதில்: மாமியார் சொல்வதில் பாதி சரி, தாயி. பிள்ளை பயந்துதான் போயிருக்கிறான். ஆனால் பேயையோ பிசாசையோ பார்த்தல்ல. காலையில் கண் விழித்ததும் பக்கத்தில் காலியாகக் கிடந்த பாயைப் பார்த்து.

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். உங்களுக்கு அது கடன் வாங்கிச் சாப்பிட்ட காலம். அவனுக்கோ பிறந்ததிலிருந்து அப்பா இவ்வளவு நாள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததே இல்லை. வலை பொத்தும்போது மடியில், டீக்கடைக்குப் போனால் தோளில். அப்படி இருந்த மனுஷன் ஒருநாள் விடிந்தால் இல்லை. அவன் என்ன கணக்குப் போட்டிருப்பான்? ‘நான் தூங்கினால் அப்பா காணாமல் போவார்.’ அதனால் தூங்காமல் இருக்கிறான். மீசையைத் தடவுவது கொஞ்சல் இல்லை, காவல்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் மகளுக்கு நாலு வயதிருக்கும்போது நானும் இதே வேலையைத்தான் செய்தேன். புதன்கிழமை தடுப்பூசி நாள், விடியக்காலை முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அழுவாளே என்று பின்வாசல் வழியாகப் போய்விடுவேன். கொஞ்ச நாளில் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. செவ்வாய் ராத்திரி சீருடைப் புடவையை இஸ்திரி போட்டுக் கொடியில் மாட்டினால், மறுநாள் காலையில் என் வலது கால் செருப்பு இருக்காது. ஒருநாள் தேடித் தேடி, கடைசியில் கோழிக்கூட்டுக்குள் கிடந்தது. கோபத்தில் முதுகில் ஒன்று வைத்தேன். அன்றைக்கு நாற்பது பிள்ளைகளுக்கு ஊசி போட்டுவிட்டு, அம்மாக்களிடம் ‘ஊசி போடுறதப் பிள்ளைகிட்ட மறைக்காதீங்க, சொல்லிட்டுப் போடுங்க’ என்று வேறு பேசினேன். திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் உறைத்தது.

ஆகவே, சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். எப்படி என்றால், ‘நாளைக்கு’ ‘நாளான்னைக்கு’ எல்லாம் மூன்றரை வயதுக்கு எட்டாது. தங்கச்சிமடத்தில் ஒரு தகப்பன் செய்ததைப் பார்த்திருக்கிறேன். கடலுக்குப் போகிறதுக்கு முந்தின ராத்திரி, பழைய வலைக்கயிறு ஒரு முழம் எடுத்து மூன்று முடிச்சுப் போடுவார். இருட்டினதும் ஒரு முடிச்சு அவிழ்க்கணும், விடிந்ததும் ஒரு முடிச்சு, அதற்குள் அப்பா வந்துவிடுவார். மூன்றாவது? அது ‘காத்து முடிச்சு’. காற்று அடித்தாலோ இன்ஜின் மக்கர் பண்ணினாலோ கரைக்கு வர நேரமாகும், அப்போது அவிழ்ப்பதற்கு. எனக்கு அந்த மூன்றாவது முடிச்சுதான் ரொம்பப் பிடித்தது. படகு எட்டு மணிக்கு வரும் என்று கடலுக்குப் போகிற எவனால் சத்தியம் செய்ய முடியும்?

உங்கள் ஊரில் திங்கள், புதன், சனி என்று கிழமை வைத்துப் போகிற தொழில். அதுவும் நல்லதுக்குத்தான், பிள்ளைக்குச் சீக்கிரம் பழகிவிடும். காற்று என்று மீன்துறையில் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்காத நாளில் ‘இன்னைக்கு டோக்கன் இல்ல, அப்பா போகல’ என்பதையும் சொல்லுங்கள்.

கிளம்பும்போது எழுப்பித்தான் ஆகணும். அழுவான். அழட்டும், பத்து நிமிஷம். அவர் வாசலில் நின்று நின்று திரும்பிப் பார்க்க வேண்டாம். ஒரு முத்தம், கயிறு கையில், போய்விட வேண்டும். அவர் உடுத்திய கைலியை அன்றைக்கு மட்டும் துவைக்காமல் பிள்ளை தலைமாட்டில் வையுங்கள்.

இன்னொன்று, நீங்கள் எழுதவில்லை, நானாகக் கேட்கிறேன். வீட்டில் டிவியில் செய்தி ஓடுகிறதா? ‘உங்கப்பன இலங்கை நேவிக்காரன் பிடிச்சிட்டுப் போயிருவான்’ என்று பக்கத்து வீட்டுக்காரர் யாராவது விளையாட்டுக்குச் சொல்கிறார்களா? நம் ஊரில் இது விளையாட்டே இல்லை. பிள்ளை காதில் விழுந்திருந்தால், ‘அதெல்லாம் பொய்’ என்று மழுப்பாதீர்கள், நாளைக்கே தெருவில் ஒரு வீட்டில் நடக்கும், அவன் பார்ப்பான். ‘சில நேரம் பிடிப்பாங்க. பிடிச்சா ஊரே போய்க் கேக்கும். நீ அம்மாகூடத்தான் இருப்ப’ என்று அவன் கேட்டதற்கு மட்டும் பதில். சொன்னவரை அழைத்து வாயை மூடச் சொல்வது உங்கள் மாமியார் பொறுப்பு. மந்திரிப்பதைவிட அதை அவர் நன்றாகச் செய்வார் என்று தோன்றுகிறது.

மூன்று நாலு வாரம் பாருங்கள். அதற்குப் பிறகும் தூக்கம் வராமல், சாப்பாடும் பேச்சும் குறைந்தால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

கேள்வி: லாத்தா, நாங்கள் கீழக்கரை. மகள் பிறந்து 40 நாளில் துபாய் போன என் வீட்டுக்காரர், அவளுக்கு இரண்டு வயதாகும்போது இப்போது ஒரு மாத லீவில் வந்திருக்கிறார். போனில் ‘வாப்பா வாப்பா’ என்று முத்தம் கொடுத்த பிள்ளை, நேரில் பார்த்ததும் அலறுகிறது. அவர் பக்கத்தில் நிற்கும்போதே என் போனை எடுத்து அதில் வாப்பாவைத் தேடுகிறது. அவர் மனசொடிந்து உட்கார்ந்திருக்கிறார்.

பதில்: உங்கள் கடிதத்தில் அந்தப் போனைத் தேடுகிற வரியை இரண்டு முறை படித்தேன். அவளுக்கு வாப்பா என்றால் உள்ளங்கை அகலம். கழுத்துக்குக் கீழே ஒன்றும் கிடையாது. வாசனை கிடையாது. அழுதால் ‘கட்’ ஆகிவிடுகிற ஆள். திடீரென்று ஆறடி உயரத்தில், அத்தர் மணக்க, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தால் எந்தப் பிள்ளைதான் அலறாது? இந்த வயதில் அறியாத முகத்தைக் கண்டு அழுவது மூளை ஒழுங்காக வேலை செய்வதற்கு அடையாளம். தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். அவரை வேண்டாம் என்று சொல்லவில்லை, இன்னும் அடையாளம் தெரியவில்லை.

முதல் வேலை, வீட்டுக்கு வருகிறவர்கள் ‘வாப்பாட்ட போ, போ’ என்று பிள்ளையைத் தள்ளுவதை நிறுத்துங்கள். இரண்டாவது, அவர் தரையில் உட்காரட்டும். நாற்காலியில் வேண்டாம், அவள் கண் மட்டத்துக்கு. அவளைப் பார்க்காமல் ஏதாவது வேலை செய்யட்டும். வெங்காயம் உரிக்கட்டும், பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்கட்டும், தட்டில் தொதல் இனிப்பை வைத்துக்கொண்டு மெதுவாகச் சாப்பிடட்டும். கீழக்கரைப் பிள்ளை தொதலைப் பார்த்துவிட்டு எவ்வளவு நேரம் தூர நிற்கும்? அவளாக வந்து முழங்காலைத் தொடும்வரை தூக்கக் கூடாது. தொட்டதும் தூக்கக் கூடாது. இதுதான் ஆண்களுக்கு வரவே வராது.

முதல் சில நாள் நீங்கள் அதே அறையில் இருங்கள். ‘வாப்பாகிட்ட இருக்கட்டும், பழகிரும்’ என்று விட்டுவிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போய்விடாதீர்கள். நன்றாகப் பழகியதும், தினமும் ஒரு வேலை அவருக்கு என்று ஒதுக்குங்கள். குளிப்பாட்டுவது என்றால் ரொம்ப நல்லது. திரும்பிப் போகும் நாளில் அவளுக்குத் தெரியத்தான் போகணும், மேலே ராமேஸ்வரத்துக்காரருக்குச் சொன்னதேதான்.

போன் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு முதல் நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. வாப்பாவிடம் முகம் பார்த்துப் பேசுவதை நான் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். சோறு ஊட்டுவதற்குக் கார்ட்டூன் போடுகிறீர்களே, அதைச் சேர்ப்பேன்.

(போடுவதில்லை என்றால் மன்னிக்கணும். பத்து வீட்டுக்குப் போனால் எட்டு வீட்டில் பார்க்கிறேன்.)

கேள்வி: பேரனுக்கு இரண்டரை வயது. சுவரைச் சுரண்டித் தின்கிறான், மண் தின்கிறான். பூச்சி இருக்கிறதா? அடித்தும் பார்த்தாயிற்று. ஒரு பாட்டி, திருப்பாலைக்குடி.

பதில்: அடித்தால் உங்களுக்குத் தெரியாமல் தின்பான், அவ்வளவுதான். மண் தின்கிற பிள்ளைக்குப் பெரும்பாலும் இரும்புச்சத்து குறைவாக இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பாருங்கள். பூச்சி மாத்திரை பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியில் கொடுப்பார்கள், இரண்டு வயதுக்கு மேல் முழு மாத்திரை, பொடித்துக் கொடுக்கணும். ஐந்து வயது வரை வாரம் இரண்டு நாள் 1 மில்லி இரும்புச் சிரப் உண்டு, உங்கள் ஊர் நர்ஸிடம் கேட்டு வாங்குங்கள். சிரப் கொடுத்தால் மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம். அப்புறம், பேரனுக்கு உங்கள் டம்ளரிலிருந்து டீ ஊற்றிக் கொடுக்கிறீர்களா? பாட்டிமார் எல்லோரும் கொடுக்கிறீர்கள். சாப்பாட்டோடு டீ உள்ளே போனால் சோற்றில் உள்ள இரும்பு உடம்பில் ஒட்டாது.

கேள்வி: ஒன்றரை வயது மகனுக்கு மூன்று நாளாக வயிற்றுப்போக்கு வந்து இப்போதுதான் நின்றது. பல் முளைக்கிற பேதி என்றார்கள். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது, தொக்கம் எடுக்கணும் என்றார்கள். ஓஆர்எஸ் பாக்கெட்டைப் பிரித்து, அவன் கேட்கும்போதெல்லாம் டம்ளருக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்தேன். சரிதானா? மூக்கையூர் பக்கம் ஒரு தகப்பன்.

பதில்: தகப்பன் எழுதியிருக்கிறார், அதற்கே ஒரு சபாஷ். ஆனால் கலக்கிய விதம் தப்பு தம்பி. ஒரு பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீர், முழுதாகக் கொட்டிக் கலக்கணும். கை அளவில் போட்டால் ஒரு டம்ளரில் உப்பு ஏறும், ஒரு டம்ளரில் ஒன்றும் இருக்காது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கழுவி இதற்கென்றே வையுங்கள். 24 மணி நேரம் ஆனால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

நம் பக்கத்துக்கு இன்னொரு சங்கடம் உண்டு. தள்ளுவண்டியில் நாலு குடம் வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிற நல்ல தண்ணீரைச் சமையலுக்கு என்று மூடி வைத்துவிட்டு, பிள்ளைக்குக் குழாயில் வருகிற உவர்த் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே உப்புள்ள தண்ணீரில் கலந்தால் அளவு கெட்டுப் போகும். நல்ல தண்ணீரைக் காய்ச்சி ஆற வைத்துக் கலக்குங்கள். அந்த ஒரு லிட்டரை வீடு தாங்கும்.

ஒவ்வொரு தடவை போன பிறகும் கால் டம்ளர், அரை டம்ளர், கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு மறுபடி. தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தக் கூடாது. துத்தநாக மாத்திரை 14 நாள், பேதி நின்ற பிறகும் தொடரணும், அதை இன்றைக்கே போய் வாங்குங்கள். ரத்தம் கலந்து போனாலோ, கண் குழி விழுந்து துவண்டாலோ, குடிக்க மறுத்தாலோ வீட்டு வைத்தியமே கிடையாது, வண்டி எடுக்க வேண்டியதுதான்.

பல் முளைக்கும் வயதில் கண்டதையும் எடுத்து வாயில் வைப்பான், பேதி அதில் வருகிறது. பல்லின் மேல் பழி. தொக்கம் வேண்டவே வேண்டாம். துவண்ட பிள்ளையின் தொண்டைக்குள் விரல் விடுவது எனக்குப் பார்க்கவே ஆகாது.

கேள்வி: நாலு வயது மகன் கடல் என்றாலே ஓடுகிறான். நீச்சல் வரட்டும் என்று அவன் தாத்தா வல்லம் படகிலிருந்து தூக்கிப் போட்டதிலிருந்து இப்படி. ‘கடக்கரையில பொறந்துட்டு’ என்று எல்லோரும் சிரிக்கிறார்கள். மண்டபம்.

பதில்: உங்கள் ஊருக்கு இரண்டு பக்கமும் கடல். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற இந்த மாதங்களில் தெற்கே ஆண் கடல் புரண்டுகொண்டிருக்கும், வடக்கே பெண் கடல் குளம் மாதிரி கிடக்கும். வடக்கே கூட்டிப் போங்கள். கணுக்கால் தண்ணீர் போதும். நண்டு வளை தோண்டட்டும். ‘தூக்கிப் போட மாட்டேன்’ என்று தாத்தாவே அவனிடம் சொல்லணும், சொன்னபடி நடக்கணும். வாடைக் காற்று தொடங்குவதற்குள் முழங்கால் வரை வந்துவிடுவான்.

என்னையும் என் தாய்மாமன் அப்படித்தான் தூக்கிப் போட்டார். நீச்சல் வந்தது. ஆனால் இன்றைக்கும் பாம்பன் பாலத்தில் ரயில் ஏறினால் ஜன்னல் ஓரம் உட்கார மாட்டேன். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகு மகளோடு போனபோதும் கண்ணை மூடிக்கொண்டேன். ஜன்னல் ஓரத்தில் அவள் உட்கார்ந்து, ‘பாதி வந்தாச்சும்மா, இன்னும் கொஞ்சம்தான்’ என்று சொல்லிக்கொண்டே வந்தாள். செருப்பை ஒளித்தவள்தான்.