பறக்காமல் திரும்பி வந்த நாள்தான் எனக்கு நினைவிருக்கிறது

ஊரே சாகசக்காரர் என்று சொல்லும் அப்பாவுக்குப் பிள்ளையாக வளர்ந்தவர்கள் இருக்கிறீர்களா, அவர் வீட்டில் எப்படி இருந்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இருக்கிறேன். என் அப்பா ராத்திரி படுக்கப் போகுமுன் கேஸ் சிலிண்டரைத் தொட்டுப் பார்ப்பார், அம்மா "நான் மூடிட்டேங்க" என்று சொன்ன பிறகும் இன்னொரு தடவை போய்த் தொட்டுப் பார்ப்பார். அவ்வளவு பயந்த மனுஷன் எப்படி ஆகாயத்தில் போனார் என்று கேட்பவர்களுக்கு, அப்படிப்பட்டவர் என்பதால்தான் போனார், 2021ல் தன் வீட்டுக் கட்டிலில் தூக்கத்திலேயே போய்ச் சேரவும் முடிந்தது என்பதுதான் என் பதில்.

சேலம் செவ்வாய்பேட்டையில் எங்களுக்கு வெள்ளிப் பட்டறை. கொலுசுதான் தொழில். சென்னை சௌகார்பேட்டைக்குச் சரக்கு கொண்டுபோவார், அப்படிப் போன இடத்தில் மீனம்பாக்கத்தில் மெட்ராஸ் பிளையிங் கிளப் இருப்பது தெரிந்திருக்கிறது. 1930ல் தொடங்கிய பழைய கிளப் அது. கல்யாணத்துக்கு முன்னால், எழுபதுகளில், அங்கே போய் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அப்பாயி முகத்தைத் திருப்பிக்கொள்வார். பட்டறை தரையில் கூட்டி எடுக்கிற மண்ணில் வெள்ளித் தூள் இருக்கும், அதைச் சேர்த்து வைத்து, மண் கழுவி வெள்ளி எடுப்பவர்களிடம் விற்பார்கள். அந்தக் காசு மொத்தமும் மீனம்பாக்கத்துக்குத்தான் போயிருக்கிறது.

அங்கே அவர் ஓட்டியது புஷ்பக். பெங்களூரில் அரசாங்க விமானக் கம்பெனி எச்.ஏ.எல். செய்த சின்ன விமானம், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம், துணி போர்த்திய றெக்கை, 90 குதிரைத்திறன் இன்ஜின். ஒவ்வொரு தடவை கிளம்புமுன்னும் டாங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டுமாம். தண்ணீர் கலந்திருந்தால் அது கனம், அடியில் தனியாக நிற்கும். இந்தப் பழக்கம் அவரை விடவே இல்லை. எங்களை புல்லட்டில் ஏற்காடு கூட்டிப்போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் பெட்ரோல் பிடித்துத் தெருவில் நின்று பார்ப்பார், அப்புறம் வண்டியைச் சுற்றி வந்து டயர், செயின், பிரேக் கம்பி என்று ஒவ்வொன்றாக விரலால் தொடுவார். பக்கத்து வீட்டு மாமா "என்ன, லண்டனுக்கா?" என்பார். கோரிமேடு தாண்டி 20 கொண்டை ஊசி வளைவு, அவ்வளவுதான் தூரம். அதற்கே இத்தனை பூஜை.

மற்ற வீடுகளில் ராஜா ராணி கதை சொன்னால் எங்கள் வீட்டில் உஷா சுந்தரம் கதை. அவரும் கணவர் வி. சுந்தரமும் 1951ல் மெட்ராஸ் அரசாங்கம் வாங்கிய டவ் விமானத்தை இங்கிலாந்திலிருந்து 27 மணி நேரத்தில் பம்பாய்க்கு ஓட்டிவந்தார்கள். நான் பெண் பிள்ளை என்பதால் உஷா அம்மாதான் எப்போதும் கதாநாயகி, சுந்தரம் சார் பக்கத்தில் உட்கார்ந்து வருவார்.

சரி, ஊர் அவரைச் சாகசக்காரர் என்று சொல்லக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன். எண்பதுகளில் அவரும் இரண்டு சிநேகிதர்களும் சேர்ந்து ஒரு ஹேங் கிளைடர் செய்தார்கள், இன்ஜின் இல்லாமல் ஆள் தொங்கிக்கொண்டு காற்றில் மிதந்து போகிற றெக்கை அது. அலுமினியக் குழாய், நல்ல கெட்டித் துணி, எஃகுக் கம்பி. வெள்ளி நிறுக்கிற கை இல்லையா, ஒவ்வொரு போல்ட்டையும் பட்டறைத் தராசில் நிறுத்து நோட்டில் எழுதினார். முழுதும் பூட்டின பிறகு லீ பஜார் மண்டிக்குத் தூக்கிப்போய் மூட்டை நிறுக்கிற தராசில் ஏற்றினார்கள். ஒருவன் "கிலோ என்ன விலைண்ணே?" என்று கேட்டானாம். ஊருக்கு வெளியே ஒரு சின்னக் கரட்டுச் சரிவில் ஓடி ஓடி, ஆள் உயரத்துக்கு எழும்பி இறங்கப் பழகினார்கள். அது வரைக்கும் ஒரு வம்பும் இல்லை.

அப்புறம் ஒரு பொங்கல் லீவில் ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்கிற காட்சி முனைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பாறைக்குக் கொண்டுபோனார்கள். நானும் போயிருந்தேன். கீழே சேலம் முழுக்கத் தெரிந்தது, வெள்ளைக்கல் சுரங்கம் சுண்ணாம்பு கொட்டிய மாதிரி பளபளத்தது. விஷயம் தெரிந்து கூட்டம் கூடிவிட்டது, சுண்டல்காரர்கூட வந்துவிட்டார். அப்பா இடுப்புப் பட்டை கட்டி, கிளைடரைத் தோளில் ஏற்றி நின்றார். காற்று முகத்தில்தான் அடித்தது, பாறை விளிம்பில் புல் எல்லாம் எங்கள் பக்கம்தான் சாய்ந்தது. பறக்க அதுதானே வேண்டும்? சிநேகிதர்கள் "ஓடுப்பா, ஓடு" என்றார்கள்.

அவர் ஓடவில்லை. தலையைத் தூக்கி மேகத்தைப் பார்த்தார், ரொம்ப நேரம். அப்புறம் தோளிலிருந்து இறக்கி வைத்து நட்டைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

கூட்டம் ஊளையிட்டது. ஒருத்தர் "பொட்டப்புள்ள முன்னாடி மானத்த வாங்கிட்டாரே" என்றார், எனக்கு அழுகையே வந்துவிட்டது. திரும்பி வரும்போது ஜீப்பில்தான் சொன்னார்: "கண்ணு, அந்தச் சரிவு தென்மேற்கப் பாத்து இருக்கு. தை மாசம் காத்து வடகிழக்க இருந்து வருது. மேகம் எல்லாம் நம்ம முதுகுப் பக்கமிருந்து வந்துச்சு பாத்தியா? மலைக்குப் பின்னாடி இருந்து வர்ற காத்து விளிம்பத் தாண்டினதும் கீழ சுருண்டு விழும், அந்தச் சுருள்ல கொஞ்சம் திரும்பி மேல ஏறி வரும். அதுதான் நம்ம மூஞ்சில அடிச்சது. நாலடி தாண்டிப் போனா அமுக்கிடும். ஒரு பருந்துகூட அங்க இல்ல, கவனிச்சியா?"

கவனிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தப் பக்கம் போனால் முதலில் பருந்தைத்தான் தேடுவேன். ஜூன், ஜூலையில் போனால் தென்மேற்குக் காற்று சரிவில் மோதி மேலே கிளம்பும், றெக்கையை அசைக்காமல் நிற்கும் அவை. அப்பாவும் அந்த மாதங்களில் மறுபடி போகலாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார், சிநேகிதர்கள்தான் கோபித்துக்கொண்டு வரவில்லை. குழாய்கள் மொட்டை மாடியில் அம்மாவுக்குத் துணி காயப்போடும் கொடி ஆயின, துணி பட்டறை வாசலுக்குப் பந்தலானது. அதற்குப் பிறகு ஊரில் கதை வேறு மாதிரி வளர்ந்துவிட்டது, அவர் ஏற்காட்டிலிருந்து குதித்து சேலம் ஐந்து ரோட்டில் இறங்கினார் என்று சொன்னவர்களை நானே பார்த்திருக்கிறேன். அப்பா மறுக்கவும் மாட்டார், சிரிப்பார்.

தொண்ணூறுகளில் பெங்களூர் ஜக்கூரில் மைக்ரோலைட் ஓட்டப் போனார். முக்கோண றெக்கைக்குக் கீழே சின்ன வண்டி, பின்னால் இன்ஜின். ஒரு சிக்கல் என்னவென்றால், புஷ்பக்கில் பிடியைத் தன் பக்கம் இழுத்தால் மூக்கு மேலே போகும், இதில் கம்பியை முன்னால் தள்ளினால்தான் மேலே போகும், இழுத்தால் கீழே. கை பழகினது பழகினதுதானே, அவசரத்தில் பழசைச் செய்துவிட்டால்? அதனால் ஊஞ்சல் கொக்கியில் ஒரு குழாயைத் தொங்கவிட்டு, கீழே முக்காலி போட்டு உட்கார்ந்து, மாதக்கணக்கில் தள்ளி இழுத்துப் பழகினார். அம்மா சமையலறையில் மாவு ஆட்டிக்கொண்டே "ஏத்துங்க... இறக்குங்க..." என்று கத்துவாள், சொல்வது மாறி மாறி வர வேண்டும், யோசிக்காமல் கை போக வேண்டும். ஜக்கூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 அடி உயரம், காற்று லேசு, அதனால் மீனம்பாக்கத்தைவிட ஓடுபாதையில் அதிகம் ஓடித்தான் எழும்பும் என்பதையும் நோட்டில் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

கண் மங்கினதும் மருத்துவப் பரிசோதனையில் நிறுத்திவிட்டார்கள். சண்டை போடுவார் என்று நினைத்தோம். "அவங்க சொல்றது சரிதான்" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார்.

சேலத்துக்கே விமானம் வந்த கதை தனி. ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் 1993ல் நிலையம் திறந்தார்கள், கொஞ்ச நாள் ஓடி நின்றது, நடுவில் வந்து மறுபடி நின்றது. 2018 மார்ச்சில், சின்ன ஊர்களுக்கும் விமானம் விடுகிற உடான் திட்டத்தில் ட்ரூஜெட் கம்பெனி சென்னைக்கு விட்டபோது அப்பா அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அம்மாவுக்கு அதுதான் முதல் தடவை. ஏ.டி.ஆர். விமானம், றெக்கை மேலே இருப்பதால் கீழே நன்றாகத் தெரியும் என்று ஜன்னல் சீட்டை அவளுக்குக் கொடுத்தார். ஏறினதும் அவசர வழிக்கு எத்தனை வரிசை என்று முன்னும் பின்னும் எண்ணினார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, இதுல மெஷின் நின்னுட்டா?" என்றாள்.

"ரெண்டு இருக்கு. ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு கொண்டுபோய் விட்டுடும்."

"அப்ப நீங்க பெங்களூர்ல ஓட்டினதுல?"

"ஒண்ணுதான். நின்னாலும் சறுக்கிக்கிட்டே இறங்கிடலாம், அதுக்குத்தான் பழகுறது."

அம்மா சென்னை வரும்வரை வாயே திறக்கவில்லை. மீனம்பாக்கத்தில் இறங்கி ஆட்டோ ஏறினதும் ஆரம்பித்தவள் தி.நகர் போய்ச் சேரும்வரை நிறுத்தவில்லை, நடுவில் ஆட்டோக்காரரையும் பஞ்சாயத்துக்கு இழுத்தாள். அவரும் "ஒரு இன்ஜின் தப்புதான் சார்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்.