உள்ளூரில் ஆன்லைன் மளிகை டெலிவரி தொடங்கினால் லாபம் வருமா? ஆப் கட்டாயமா?

சின்ன அளவில் இதே தொழிலை நடத்துகிறேன். லாபம் வரும். ஆப் இப்போதைக்கு வேண்டாம். வாட்ஸ்அப்பும் ஒரு எக்செல் ஷீட்டும் போதும். ஆர்டர்கள் குவிந்து கைதவறத் தொடங்கும்போது, மாத வாடகைக்குக் கிடைக்கும் மென்பொருளை எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் வண்டிக் கணக்கைப் பாருங்கள். மளிகையில் மார்ஜின் குறைவு. ஒரு ஆர்டரில் நிற்கும் லாபத்தைவிட அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் செலவு அதிகம் என்றால், வியாபாரம் பெருகப் பெருக நஷ்டமும் பெருகும். ஒரே தெருவில் ஆறு வீடு என்றால் ஒரே நடையில் முடிந்துவிடும். அதே ஆறு வீடும் ஆறு திசையில் இருந்தால் அன்றைக்கு நீங்கள் பெட்ரோல் பங்க்குக்காக உழைத்ததாக அர்த்தம். எனவே பரப்பளவைச் சுருக்குங்கள். காலை, மாலை என்று நேரம் பிரித்து, ஒரு பகுதியின் ஆர்டர்களைச் சேர்த்து அனுப்புங்கள். சில நிமிடங்களில் டெலிவரி செய்யும் நிறுவனங்களோடு போட்டி போட ஆசைப்படாதீர்கள். அவர்கள் முதலீட்டாளர் பணத்தில் ஓடுகிறார்கள்.

கிடங்கும் உடனே வேண்டாம். அமெரிக்காவில் வெப்வேன் என்ற நிறுவனம் 1999-ல் டெலிவரியைத் தொடங்கியது. பிரம்மாண்டமான தானியங்கிக் கிடங்குகளில் பணத்தைக் கொட்டி, 2001-ல் திவாலானது. அதே காலத்தில் பிரிட்டனின் டெஸ்கோ, ஏற்கெனவே இருந்த கடைகளின் அலமாரிகளிலிருந்தே ஆட்களை வைத்துப் பொருட்களை எடுத்து அனுப்பியது. அது நிலைத்தது. நீங்களும் இருக்கிற கடைகளோடு ஒப்பந்தம் போட்டுத் தொடங்கலாம்.

அதிலும் ஒரு தலைவலி உண்டு. உங்கள் பட்டியலில் "இருப்பு உள்ளது" என்றிருக்கும் பொருளை, அதற்குள் நேரில் வந்த யாரோ வாங்கிப் போயிருப்பார். இது தினமும் நடக்கும். எனவே ஆர்டர் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்: பொருள் இல்லையென்றால் மாற்று பிராண்ட் அனுப்பவா, போன் செய்யவா, விட்டுவிடவா? கேட்காமல் மாற்றி அனுப்பினால் அந்த வாடிக்கையாளர் அடுத்த முறை வரமாட்டார். மாற்றுப் பொருள் விலை கூடுதலாக இருந்தால் அந்த வித்தியாசம் உங்கள் பொறுப்பு. எடை போட்டுத் தரும் பொருட்களுக்கு எடைபோட்ட பிறகே இறுதி பில் போடுங்கள்.

அப்புறம், காய்கறி எடுக்கும் ஆளை அவசரப்படுத்தாதீர்கள். வாடிக்கையாளர் தொட்டுப் பார்த்து வாங்க முடியாது, அவருக்காகப் பொறுக்கி எடுப்பது அந்த ஆள்தான். என்னைக் கேட்டால், டெலிவரி ஆளைவிட இவருக்குத்தான் நல்ல சம்பளம் தர வேண்டும். சோப்பு, சலவைத்தூளை உணவுப் பொருளோடு ஒரே பையில் போடக் கூடாது, வாசனை ஏறிவிடும். குளிர்ந்த பொருட்களை வண்டி கிளம்பும்போது கடைசியாக எடுங்கள். பையைக் கட்டுமுன் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். "ஒரு பாக்கெட் வரவில்லை" என்ற சண்டைகளில் பாதி அங்கேயே தீரும். மீதிப் பாதியில் சின்னத் தொகையாக இருந்தால் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடிக்கடி கேட்பவர் யார் என்பது உங்கள் ஷீட்டிலேயே தெரிந்துவிடும்.

தள்ளுபடிக்காக வருகிறவர்கள் தள்ளுபடி நின்றதும் போய்விடுவார்கள். சென்ற மாதம் வாங்கியவர்களில் எத்தனை பேர் இந்த மாதமும் வாங்கினார்கள் என்று பாருங்கள். அந்த எண்ணிக்கை ஏறாமல் அடுத்த பகுதிக்கு வண்டியை அனுப்பாதீர்கள்.