மணிக்கட்டில் நாடி தெரிந்தால் கைத்தமனிக்குக் காயமில்லை என்று கொள்ளலாமா?

கேள்வி: உடைந்த கண்ணாடி கிழித்ததில் என் தம்பிக்கு முழங்கைக்குச் சற்று மேலே, உட்புறத்தில் ஆழமான வெட்டு. பீறிட்ட ரத்தம் அழுத்திப் பிடித்ததும் நின்றது. நாடி தெரிகிறது என்று சொல்லித் தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாளான இன்று விரல்கள் சில்லிட்டு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்திருக்கின்றன. தமனி அறுபட்டிருக்குமா?

பதில்: அறுபட்டிருக்க வாய்ப்புண்டு. ரத்தநாள அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு இப்போதே அழைத்துச் செல்லுங்கள்.

முழங்கையைச் சுற்றிக் கிளைக்குழாய்கள் பின்னிக் கிடப்பதால், மேற்கையின் முதன்மைத் தமனி அறுந்த பிறகும் சுற்றுவழியில் ரத்தம் வந்து மணிக்கட்டில் மெலிதான நாடியைக் காட்டக்கூடும். ரத்தம் நின்றதும் நல்ல அறிகுறி என்று சொல்வதற்கில்லை. முழுவதும் துண்டான தமனி சுருங்கித் தானே அடைத்துக்கொள்ளும், பாதி அறுந்ததுதான் விடாமல் ஒழுகும். மரத்துப்போன விரல்களும் கவனிக்க வேண்டியவை, ஏனெனில் அவற்றுக்கு உணர்வூட்டும் நடு நரம்பு இந்தத் தமனியை ஒட்டியே ஓடுகிறது.

மருத்துவர், ஒலியலைகளால் ரத்த ஓட்டத்தைக் கண்டறியும் டாப்ளர் கருவியால் இரு கைகளிலும் சிஸ்டாலிக் ரத்த அழுத்தத்தை, அதாவது இதயம் சுருங்கும்போதுள்ள மேல் அளவை, அளப்பார். காயம்பட்ட கையின் அளவை மற்றக் கையின் அளவால் வகுக்கும்போது 0.9-க்குக் கீழே வந்தால், ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன் படமான சி.டி. ஆஞ்சியோகிராம் எடுப்பது வழக்கம். ஆனால் ரத்தம் பீறிட்டாலோ, வீக்கம் பெருகிக்கொண்டே போனாலோ, நாடி அடங்கிக் கை வெளுத்தாலோ, படத்துக்காகக் காத்திராமல் அறுவை அரங்குக்குக் கொண்டுசெல்வதே முறை. ரத்தமே செல்லாத தசை ஏறத்தாழ 6 மணி நேரத்துக்குள் மீளாச் சேதத்தை நெருங்கிவிடும். உங்கள் தம்பியின் கை ஒரு நாள் தாங்கியிருப்பது கிளைக்குழாய்களின் தயவால் இருக்கலாம்; அதை நம்பி இன்னொரு நாள் காத்திருப்பது சரியன்று.

சிகிச்சையில், உள்ளே உறைந்த ரத்தக்கட்டியை அகற்றி, இழுப்பின்றிச் சேருமானால் அறுந்த முனைகளை நேரடியாகத் தைப்பார்கள். இடைவெளி இருந்தால் காலிலிருந்து எடுத்த சிரையை, அதன் வால்வுகள் ரத்தத்தைத் தடுக்காதபடி தலைகீழாகத் திருப்பி இணைப்பார்கள். நெடுநேரம் பட்டினி கிடந்த தசை ரத்தம் திரும்பியதும் வீங்கி, தன்னைச் சுற்றியுள்ள விரியாத உறைக்குள் தன்னையே நெரித்துக்கொள்ளும் என்பதால், அவ்வுறையைக் கீறிவிட வேண்டியும் வரலாம். விரல்களைப் பிறர் நீட்டும்போது முன்கையில் தாங்கமுடியாத வலி எழுவது அந்த நெரிப்பின் தொடக்க அறிகுறி.

மருத்துவமனை செல்லும்வரை கையில் வெந்நீர் ஒத்தடமோ உருவிவிடுதலோ வேண்டாம். உணர்வற்ற தோல் எளிதில் வெந்துவிடும். மீண்டும் ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் விடாமல் அழுத்துங்கள். பின்னாளில் தழும்பருகே துடிக்கும் கட்டி தோன்றினால், சீழ்க்கட்டி என்று எண்ணி யாரையும் கீறவிடாதீர்கள். அது தமனிச் சுவரின் கிழிசலிலிருந்து புடைத்ததாக இருக்கலாம்.