எந்தக் கடிகாரத்தின்படி? காலம், காலப் பயணம்: கேள்வி பதில்

இயற்பியலுக்குள் நிற்கும் கேள்விகளுக்கு மட்டும் பதில் தருகிறேன். ஒரு எச்சரிக்கை: சமன்பாடு தடுக்கவில்லை என்பது வேறு, செய்ய முடியும் என்பது வேறு. இதை நான் மறுபடியும் சொல்ல வேண்டிவரும் என்று தெரிந்தேதான் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

கே: காலப் பயணம் முடியுமா, முடியாதா? ஒரே சொல்லில் சொல்லுங்கள்.

ப: எதிர்காலத்துக்கு முடியும். கடந்த காலத்துக்கு முடியும் என்று நம்ப இதுவரை ஓர் ஆதாரமும் இல்லை. ஒரே சொல்லில் அடங்கவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: எதிர்காலத்துக்கு யார் போயிருக்கிறார்கள்? பெயர் சொல்ல முடியுமா?

ப: சொல்லலாம். ரஷ்ய விண்வெளி வீரர் செர்கேய் கிரிகலியோவ் மொத்தம் 803 நாட்கள் பூமியைச் சுற்றிவந்தார். அந்த வேகத்தால் அவருடைய காலம் நம்முடையதைவிட ஏறத்தாழ 0.02 நொடி குறைவாகக் கழிந்தது. அதாவது, அவ்வளவு தூரம் நம் எதிர்காலத்துக்குள் அவர் முந்திவந்து இறங்கினார். சிரிக்காதீர்கள். அளவுதான் சிறியது, நிகழ்வு அசல்.

1971-இல் ஹாஃபெலே, கீட்டிங் என்ற இருவர் சீசியம் அணுக் கடிகாரங்களைப் பயணிகள் விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றினார்கள். தரையில் இருந்த கடிகாரத்தோடு ஒப்பிட்டபோது, கிழக்கே போனவை ஏறக்குறைய 59 நானோ நொடி பின்தங்கின (ஒரு நானோ நொடி என்பது நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு). மேற்கே போனவை 273 நானோ நொடி முந்தின. வேகம் காலத்தைக் குறைக்கிறது, உயரம் கூட்டுகிறது. இரண்டும் சேர்ந்த கணக்கு அது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரங்களை அப்படியே விட்டால், அவை நாளொன்றுக்கு 38 மைக்ரோ நொடி, அதாவது 38,000 நானோ நொடி, முந்தி ஓடும். திருத்தாவிட்டால் ஒரே நாளில் இடக் கணிப்பு 10 கிலோமீட்டருக்கு மேல் பிசகும். வேகமும் ஈர்ப்பும் காலத்தை மாற்றும் என்னும் ஐன்ஸ்டீனின் சார்பியல் வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர் தன் கைப்பேசி காட்டும் வழியில் போகாமல் இருக்கட்டும்.

கே: ஒளியைவிட வேகமாகப் போனால் பின்னோக்கிப் போகலாமாமே?

ப: நிறையுள்ள எதையும் ஒளிவேகத்துக்குக் கொண்டுபோக எல்லையற்ற ஆற்றல் வேண்டும். 2011-இல் நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் ஒளியை 60 நானோ நொடி முந்திவிட்டதாக ஒரு முடிவு வந்து உலகமே பரபரத்தது. கடைசியில் பார்த்தால், ஓர் ஒளியிழை இணைப்பு சரியாகப் பொருந்தாமல் இருந்திருக்கிறது.

கே: என் தாத்தாவை அவர் இளைஞராக இருக்கும்போதே கொன்றுவிட்டால்?

ப: நீங்கள் பிறக்கவே மாட்டீர்கள், ஆகவே கொல்லவும் முடியாது. இந்த முரணைத் தவிர்க்க, தனக்குள் முரண்படாத நிகழ்வுகளே நடக்கும் என்றார் ரஷ்ய இயற்பியலாளர் நோவிகோவ். துப்பாக்கி வெடிக்காது, அல்லது குறி தப்பும். அது ஒரு நிபந்தனை; இயற்கை அதை எப்படி நிறைவேற்றும் என்பதற்கு அதில் பதில் இல்லை.

கே: அப்படியானால் காலம் என்பதுதான் என்ன?

ப: இயற்பியலாளரின் பதில் சப்பென்று இருக்கும்: கடிகாரம் அளப்பது காலம். 1967 முதல் ஒரு நொடி என்பது, சீசியம்-133 அணு உமிழும் ஒரு குறிப்பிட்ட கதிர்வீச்சின் 9,192,631,770 அலைவுகள். ஆனால் இதற்குள் ஒரு பெரிய செய்தி ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு கடிகாரமும் தான் கடந்துவந்த பாதையின் காலத்தை மட்டுமே அளக்கிறது. வெறும் 33 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்த அணுக் கடிகாரம் கீழே உள்ளதைவிட வேகமாக ஓடுவதை 2010-இல் அளந்தே காட்டிவிட்டார்கள். உங்கள் தலைக்கு உங்கள் காலைவிடச் சற்றே வயது அதிகம். எல்லாருக்கும் பொதுவாக மேலே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு காலம் கிடையாது.

சரி, அது ஏன் ஒரு திசையில் மட்டும் போகிறது? ஒரு தம்ளர் நீரில் மைத்துளியை விடுங்கள். அது பரவும், பரவியது மறுபடி துளியாகத் திரளாது. இத்தனைக்கும் மூலக்கூறுகளின் ஒவ்வொரு மோதலையும் தனியே எடுத்துப் பின்னோக்கி ஓட்டினாலும் அதே விதிகளுக்கு உட்பட்டே இருக்கும். பரவிக் கிடக்க வழிகள் கோடானுகோடி. துளியாக இருக்க வழிகள் மிகச் சில. இயற்பியலாளர் போல்ட்ஸ்மேன் காட்டியது இதைத்தான். காலத்தின் அம்பு, அதாவது அதன் ஒரே திசை, இந்த வழிகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. அப்படியானால் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரபஞ்சம் ஏன் அவ்வளவு ஒழுங்கோடு தொடங்கியது? அதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட விடை இல்லை. காலத்தைப் பற்றிய உண்மையான புதிர் அங்கேதான் இருக்கிறது, தாத்தாவிடம் இல்லை.

கே: நான் கனவில் கண்டது மறுநாள் அப்படியே நடந்தது. இது காலப் பயணமா?

ப: நினைவாற்றலை ஆராயும் உளவியலாளர்களைக் கேளுங்கள்.

கே: புழுத்துளை வழியாகப் போகலாமே?

ப: புழுத்துளை என்பது வெளியின் இரு தொலைதூர இடங்களை இணைப்பதாகக் கருதப்படும் குறுக்குவழி. 1988-இல் இயற்பியலாளர் கிப் தோர்னும் அவருடைய மாணவர்களும் அதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். புழுத்துளையின் ஒரு வாயை வேகமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தால், இரு வாய்களுக்கும் இடையே கால வேறுபாடு உண்டாகும். ஆனால் துளை மூடிக்கொள்ளாமல் தாங்க எதிர்மறை ஆற்றல், அதாவது வெற்றிடத்தைவிடக் குறைந்த ஆற்றல், வேண்டும். வெற்றிடத்தில் மிக நெருக்கமாக வைத்த இரு உலோகத் தகடுகள் ஒன்றையொன்று இழுக்கும் கேசிமிர் விளைவில் அது மிக நுண்ணிய அளவில் தென்படுகிறது. ஆள் நுழையும் துளைக்கு அது எந்த மூலைக்கு? 1949-இல் தர்க்கவியலாளர் கேடல், மொத்தப் பிரபஞ்சமும் சுழன்றால் கடந்த காலத்துக்குத் திரும்பும் பாதைகள் உண்டு என்று நிறுவினார். நம் பிரபஞ்சம் அப்படிச் சுழல்வதாகத் தெரியவில்லை. இயற்கை இவற்றைத் தடுத்தே தீரும் என்று 1992-இல் இயற்பியலாளர் ஹாக்கிங் முன்வைத்தது ஊகம், நிரூபணம் அல்ல. சமன்பாடு தடுக்கவில்லை என்பது வேறு... மீதி உங்களுக்கே தெரியும்.

கே: பொதுக் காலம் இல்லை என்கிறீர்கள். நான் இதை எழுதும் இந்தக் கணத்தில் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்திலும் ஏதோ ஒன்று நடந்துகொண்டுதானே இருக்கும்?

ப: எது என்று சொல்லுங்கள் பார்ப்போம். ஆண்ட்ரோமெடா 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. நீங்கள் அசையாமல் நிற்கிறீர்கள். உங்களைத் தாண்டி ஒருவர் அதன் திசையில் நடந்துபோகிறார். அவருடைய 'இப்போது', அங்கே உங்களுடையதைவிடச் சுமார் 4 நாட்கள் பிந்திய நிகழ்வைத் தொடும். வெறும் நடை வேகத்தில்!

கே: (அதே வாசகர்) இது கணக்கு வசதிக்காகச் செய்வது. உண்மையான கணம் ஒன்றுதான். அதைக் கண்டுபிடிக்க நமக்கு வழியில்லை, அவ்வளவுதான்.

ப: உங்கள் நிலைப்பாட்டைச் சோதனையால் வீழ்த்த முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஐன்ஸ்டீனுக்கு முந்தைய தலைமுறை இயற்பியலாளர் லோரன்ட்ஸும் ஏறக்குறைய அங்கேதான் நின்றார். ஆனால் எந்தக் கருவிக்கும் எந்நாளும் அகப்படாத ஒன்றை இருக்கிறது என்று சொல்வதால் என்ன ஆதாயம்? எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

கே: (இடையில் வேறொருவர்) நடப்பவருக்கு அந்த 4 நாட்கள் நிகழ்ந்துவிட்டன என்றால், எதிர்காலம் முன்பே தீர்மானிக்கப்பட்டதுதானே? கடந்த காலம், நிகழ்காலம், எதிர்காலம் என்ற பிரிவே மாயை என்று ஐன்ஸ்டீனே சொன்னாரே?

ப: அவசரப்படாதீர்கள். அந்த 4 நாட்களின் செய்தி நடப்பவருக்கும் 25 லட்சம் ஆண்டுகள் கழித்தே வரும். அவரால் அதை அறியவும் முடியாது, மாற்றவும் முடியாது. ஐன்ஸ்டீன் எழுதியது 1955-இல், நண்பர் பெஸ்ஸோ இறந்தபோது அவருடைய குடும்பத்துக்கு அனுப்பிய ஆறுதல் கடிதத்தில். அடுத்த மாதம் அவரும் இறந்தார். துக்கக் கடிதத்தைத் தேற்றமாக்காதீர்கள்.

கே: (முதலாமவர்) அப்படியானால் எதிரில் உட்கார்ந்திருப்பவரோடுகூட எனக்குப் பொதுவான 'இப்போது' கிடையாதா?

ப: கறாராகச் சொன்னால் கிடையாது. மூன்று மீட்டர் தொலைவில், நடை வேகத்தில், வேறுபாடு நொடியின் கோடி கோடியில் ஒரு பங்கைவிடவும் குறைவு. அதற்கு முன்னால், நீங்கள் பார்ப்பதே 10 நானோ நொடி பழைய மனிதரை. உங்கள் உள்ளுணர்வு உருவானது இந்தத் தொலைவுகளில்தான். இங்கே அது பிழையில்லை. ஆண்ட்ரோமெடாவுக்கு அதைக் கொண்டுபோனதுதான் பிழை.

கே: எதிர்காலத்தவர் ஏன் இதுவரை வரவில்லை?

ப: 2009 ஜூன் 28 அன்று ஹாக்கிங் அவர்களுக்கு விருந்து வைத்தார்; அழைப்பை விருந்து முடிந்த பிறகே வெளியிட்டார். ஒருவரும் வரவில்லை. அதனால் எதுவும் நிரூபணமாகவில்லை. தோர்ன் கணக்கிட்ட வகைப் பொறி, அது அமைக்கப்பட்ட நாளுக்கு முந்தைய காலத்துக்கு யாரையும் கொண்டுபோகாது.

கே: தாத்தாவுக்குப் பதில் பாட்டியை...

ப: மேலே பாருங்கள்.

கே: காலத்துக்கு மிகச் சிறிய துண்டு உண்டா?

ப: பிளாங்க் நேரம் என்று ஓர் அளவு உண்டு, தசமப் புள்ளியை அடுத்து 43 சுழிகளுக்குப் பிறகு 5-இல் தொடங்கும் பின்ன நொடி. அது துண்டா, நம் கோட்பாடுகள் செல்லுபடியாகும் எல்லையா என்பது திறந்த கேள்வி. சோதனைச்சாலைகளின் ஒளித்துடிப்புகள் எட்டியிருப்பது அட்டோ நொடிக் கணக்கை; ஓர் அட்டோ நொடி என்பது நொடியை நூறு கோடியால் இருமுறை வகுத்த அளவு. அந்த அளவுக்குக் குறுகிய ஒளித்துடிப்புகளை உண்டாக்கியதற்கே 2023 இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்னும் மூன்று கேள்விகள் மீதமிருக்கின்றன. இரண்டில் தாத்தா சாகிறார், ஒன்றில் பிழைத்துக்கொள்கிறார். மூன்றுக்கும் நான்காவது பதிலே பதில்.