மனைவிக்கு எம்.எஸ். நோய் இருக்கிறது. பிள்ளைகளோடு டர்பனிலிருந்து இங்கிலாந்துக்குக் குடிபோனால் பிள்ளைகளுக்கும் அது வரும் ஆபத்து கூடுமா?

பிள்ளைகளுக்கு 9, 13 வயது, அம்மாவுக்கு எம்.எஸ். என்கிற மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளின் உறையை அரிக்கும் நோய்), அடுத்த வருடம் மான்செஸ்டரில் வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் கூடலாம். ஆனால் கிடைத்த வேலையை விடும் அளவுக்கு இல்லை. நான் டாக்டர் இல்லை. டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் என் அக்காவுக்கும் இதே நோய் என்பதால் தேடித் தேடிப் படித்தவன்.

இதற்கு அடிப்படையான ஆய்வே நம் நாட்டில் நடந்ததுதான். ஐரோப்பாவிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் குடிவந்த வெள்ளையர்களை ஜெஃப்ரி டீன் என்ற டாக்டர் ஆராய்ந்தார். பெரியவர்களான பிறகு வந்தவர்களுக்குப் பிறந்த ஊரின் ஆபத்து கூடவே வந்திருந்தது. சுமார் 15 வயதுக்குள் வந்தவர்களுக்கோ இங்கே பிறந்த வெள்ளையர்களைப் போலக் குறைவு. 1971இல் கர்ட்ஸ்கே என்பவரோடு சேர்ந்து இதை வெளியிட்டார். நமக்கு இன்னும் நெருக்கமானது டீன் பிற்பாடு இங்கிலாந்தில் பார்த்தது: இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து குடியேறியவர்களுக்கு எம்.எஸ். அபூர்வம், அங்கேயே பிறந்த அவர்கள் பிள்ளைகளுக்கோ ஏறக்குறைய அந்த ஊர்க்காரர்கள் அளவுக்கு வந்தது. அதற்காக அந்த 15 வயதைக் கல்மேல் எழுத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆஸ்திரேலியாவுக்குப் போன பிரிட்டிஷ்காரர்களிடம் அப்படி ஒரு தெளிவான கோடு தெரியவில்லை.

சரி, வளர்கிற இடத்தில் அப்படி என்ன இருக்கிறது? முதலில் எப்ஸ்டீன்-பார் வைரஸ். அமெரிக்க ராணுவத்தினர் ஒரு கோடிப் பேரின் தரவை வைத்து 2022இல் வந்த ஆய்வில், இந்த வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். ஆபத்து 32 மடங்கு ஏறியது. ஆனால் உலகில் பெரும்பாலான பெரியவர்களுக்கு இது தொற்றியிருக்கிறது, அவர்களில் மிகச் சிலருக்கே எம்.எஸ். வருகிறது. மழலை வயதில் வந்தால் சளிக்காய்ச்சல் போலப் போய்விடும். பதின்வயதில் கிளாண்டுலர் ஃபீவராக (தொண்டைவலி, கழுத்தில் நெறிகட்டோடு வரும் காய்ச்சல்) வந்து படுக்கப்போட்டால், அந்தக் காய்ச்சல் வராதவர்களைவிட ஆபத்து சுமார் இரு மடங்கு. பதின்வயதில் மிகையான உடல் பருமனும் அதே அளவு கூட்டுகிறது. அப்புறம் வெயில் குறைவு, வைட்டமின் டி குறைவு, சிகரெட், வீட்டில் பிறர் விடும் புகை.

இதெல்லாம் கூட்டத்துக்கான கணக்கு, ஓர் ஆளுக்கு ஜாதகம் பார்க்க உதவாது. என் அக்கா டர்பன் வெயிலிலேயே வளர்ந்தவள், ஒல்லி, வீட்டில் யாரும் புகைப்பதில்லை. அவளுக்கு நோய் தொடங்கியதே கண்ணில்தான்: ஒருநாள் வலது கண்ணை அசைத்தாலே வலி. இடது கண்ணை மூடிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தால் நெற்றிக் குங்குமம் வெளுத்துப்போன செங்கல் நிறம். அம்மா இன்றுவரை, "உண்டாயிருந்தப்போ நான் சரியா சாப்பிடலையோ" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். உங்கள் மனைவியையும் அந்தப் பேச்சுக்குள் இழுக்க விடாதீர்கள். ஒரே கருவிலிருந்து பிறந்த ஒரே அச்சு இரட்டையரில் ஒருவருக்கு இருந்தாலும், மற்றவருக்கு வருவது நாலில் ஒன்று அளவில்தான். தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வருவது 100க்கு 2 அளவில்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் வீட்டில் புகையை அறவே விடமாட்டேன், பிள்ளைகள் ஓடியாடுவதை நிறுத்த விடமாட்டேன். வைட்டமின் டி மாத்திரை எம்.எஸ்.ஸைத் தடுக்கும் என்று நிரூபணமில்லை. ஆனாலும் நம் நிறத்தவர்கள் வருடம் முழுக்க தினம் 10 மைக்ரோகிராம் எடுப்பது நல்லது என்று அங்கத்திய சுகாதாரத் துறையே சொல்கிறது, எலும்புக்காகவாவது கொடுங்கள். அங்கே ஜிபியிடம் (குடும்ப டாக்டர்) பிள்ளைகளைப் பதியும்போது அவர்கள் அம்மாவின் நோயைச் சொல்லிவையுங்கள். மனைவியின் எம்.ஆர்.ஐ. படங்களை சிடியில் வாங்கிக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியில் போடாதீர்கள்.