தண்ணீர் கட்டிப் பார்க்காமல் ஓடு பதிக்கலாமா?

கேள்வி: புது வீட்டு மொட்டை மாடி, 1,000 சதுர அடி. வாட்டர்ப்ரூஃபிங் இரண்டு கோட் அடித்தாயிற்று, அடுத்து ஜல்லி போட்டு ஓடு பதிக்க வேண்டியதுதான். 3 நாள் தண்ணீர் கட்டிச் சோதிக்கச் சொல்கிறார் பொறியாளர். கான்ட்ராக்டரோ, “லாரித் தண்ணி, ஆள் கூலி எல்லாம் தண்டச் செலவு சார், ஐப்பசி மழை வந்தா தானா தெரிஞ்சிடும், 10 வருஷம் கியாரண்டி எழுதித் தர்றேன்” என்கிறார். விட்டுவிடலாமா?
- வாசகர், மேடவாக்கம்

பதில்: விடாதீர்கள். மழை வந்தால் தெரியும்தான். ஆனால் தெரிவது கீழே சீலிங்கில் ஒரு ஈரத்திட்டு, மேலே ஓட்டை எங்கே என்பது தெரியாது. ஓட்டுக்கு அடியில் இருக்கிற செங்கல் ஜல்லி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், அது வாட்டம் பார்த்து ஊர்ந்து போகும், கைப்பிடிச் சுவர் ஓரத்தில் நுழைந்தது ஹால் ஃபேன் கொக்கியில் வந்து சொட்டும், அதுவும் மழை விட்டு இரண்டு நாள் கழித்து. அப்புறம் குத்துமதிப்பாக ஓடுகளை உடைப்பார்கள், உடைக்கிற உளி நன்றாக இருந்த கோட்டிங்கையும் கிழித்து வைக்கும்.

கியாரண்டித் தாளை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலும் மறுபடி கோட்டிங் அடித்துத் தருவதோடு அது முடிந்துவிடும், ஓட்டைப் பெயர்த்துத் திரும்பப் பதிக்கும் செலவு உங்கள் தலையில். போதாக்குறைக்கு ‘நீங்க டிஷ் ஆன்டெனாவுக்கு டிரில் போட்டீங்க, அதான்’ என்று ஒரு பதிலும் வரும். இன்றைக்கு, கோட்டிங் கண்ணுக்குத் தெரியும்போதே, ஆள் சைட்டில் இருக்கும்போதே தண்ணீர் கட்டிப் பார்த்துத் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

செலவும் அவர் பயமுறுத்துகிற அளவு இல்லை. 1,000 சதுர அடியில் சராசரி 2 அங்குலம் நிறுத்த சுமார் 4,700 லிட்டர் ஆகும். 6,000 லிட்டர் லாரி ஒன்று போதும். தளம் தாங்குமா என்றால், அந்த ஆழத்துக்குச் சதுர மீட்டருக்கு 50 கிலோ எடை, ஆள் நடமாடும் மாடிக்கு இந்தியத் தரக் குறியீடு சொல்கிற கணக்கு 150 கிலோ. (மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடென்றால் பொறியாளரைக் கேட்காமல் கட்டாதீர்கள்.) வாட்டத்தால் குழாய்ப் பக்கம் ஆழம் கூடும், அதனால் சாந்தில் பாத்தி பிரித்துப் பகுதி பகுதியாகக் கட்டுங்கள்.

இரண்டு விஷயத்தை மேஸ்திரி பக்கத்தில் நின்று பாருங்கள். மழைநீர்க் குழாயைச் சாக்கால் அடைக்கும்போது வாயிலேயே அடைத்துவிடுவார்கள், நாலு விரல் உள்ளே இறக்கச் சொல்லுங்கள். அதிகம் கசிவதே குழாயும் தளமும் சேரும் அந்த ஒட்டில்தான், அது தண்ணீருக்குள் இருக்க வேண்டாமா? இன்னொன்று, பாத்திக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரை வைத்து மட்டத்தைக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வெயிலில் இரண்டிலும் கொஞ்சம் குறையும், பாத்தியில் மட்டும் நன்றாகக் கூடுதலாகக் குறைந்தால் எங்கேயோ போகிறது என்று அர்த்தம். குறையாவிட்டாலும் கீழே போய் சீலிங்கையும் சுவர் மேல்மூலைகளையும் தினம் பாருங்கள்.

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் இந்தச் சோதனையைச் செய்யாமலே ஓடு போட்டுவிட்டார்கள். இப்போது மேல்மாடி வீட்டில் ஓதம், காரை உதிர்கிறது. மாடி முழுக்க மேலே ஒரு கோட் அடித்துவிடலாம் என்கிறது சங்கம்.
- வாசகி, குரோம்பேட்டை

பதில்: முதலில், பல வாரம் மழையே இல்லாதபோதும் அந்த இடம் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் மாடி அல்ல, ஓவர்ஹெட் டேங்க்கோ அதன் குழாயோதான். அங்கே கோட்டிங் அடிப்பது வீண். மழையில் மட்டும் என்றால், பாத்தி பிரித்து ஒரு நேரத்தில் ஒரு பகுதிக்கு மட்டும் தண்ணீர் கட்டி, கீழே இரண்டு மூன்று நாள் பார்த்து, காய்ந்த பிறகு அடுத்த பகுதிக்குப் போங்கள். பொறுமை வேண்டும். தெர்மல் கேமரா ஆளைக் கூப்பிடலாம், வெயில் அடித்த நாளின் சாயங்காலம் வந்தால் ஈரம் தேங்கிய பரப்பு தனியாகத் தெரியும். எவ்வளவு தூரம் ஊறியிருக்கிறது என்று அது காட்டும், ஓட்டை இதுதான் என்று விரல் வைத்துக் காட்டாது.

தள்ளிப் போடாதீர்கள். கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளே கம்பியைத் துருப்பிடிக்காமல் காப்பது, தண்ணீரும் காற்றும் விடாமல் போய்க்கொண்டிருந்தால் அந்தக் காவல் போய்விடும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால்தான் காரை வெடித்து விழுகிறது. உதிர்ந்த இடத்தில் கம்பி தெரிந்தால் பெயின்டரை அழைக்காதீர்கள், கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள்.

கேள்வி: சோதனை எல்லாம் முடித்து ஓடும் போட்டாயிற்று. இனி சோலார் பேனல் வைக்கலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: வைக்கலாம், தளத்தில் துளை போடாமல். கான்கிரீட் கட்டைகளின் எடையில் நிற்கிற ஸ்டாண்ட் இருக்கிறது, காற்றுக்கும் தளத்தின் மேல் ஏறும் எடைக்கும் கணக்குப் போட்டுத் தரச் சொல்லுங்கள். போல்ட் அடித்தே தீர வேண்டும் என்றால் துளையைச் சுற்றி வாட்டர்ப்ரூஃபிங் செய்து, அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி ஒரு பாத்தி கட்டுங்கள்.